அமெரிக்கக் கல்லூரிகள் ஏன் பிள்ளையின் குணத்தைக் கேட்கின்றன?

1959இல் மினசோட்டா மாநிலத்தின் ஹிப்பிங் என்ற இரும்புச் சுரங்க ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களின் ஆண்டு மலர் ஒன்று உண்டு. அதில் ராபர்ட் ஸிம்மர்மன் என்ற பையனின் படத்தருகே இருப்பது கொஞ்சம்தான். லட்சியம்: 'லிட்டில் ரிச்சர்டோடு சேர்வது'. அப்புறம், லத்தீன் க்ளப் 2, சமூக அறிவியல் க்ளப் 4. லிட்டில் ரிச்சர்டு 1950களில் அமெரிக்க இளசுகளைத் தலைகால் புரியாமல் ஆடவைத்த ராக் அண்ட் ரோல் பாடகர். பையன் அவரோடு போய்ச் சேரவில்லை. பாப் டிலன் என்று பெயரை மாற்றிக்கொண்டு தன் வழியில் போனார். 2016இல் இலக்கிய நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

அந்த 2, 4 என்ற எண்கள், ஹைஸ்கூலின் எந்த ஆண்டில் அந்த க்ளப்பில் இருந்தார் என்பதைச் சொல்பவை. அமெரிக்காவில் பெரும்பாலும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வகுப்புகள்தான் ஹைஸ்கூல். கடைசி ஆண்டுக்காரர்களை 'சீனியர்' என்பார்கள். ஆண்டு மலரில், அதாவது இயர்புக்கில், ஒவ்வொரு சீனியருக்கும் ஒரு சின்னப் படம், ஆள் எப்படி, என்னென்ன செய்தார், என்ன ஆகப்போகிறார் என்ற மூன்று விவரம். இதே மூன்றையும்தான் இன்று கல்லூரி விண்ணப்பமும் கேட்கிறது. ஆனால் இயர்புக்கில் எழுதியது கூடப் படித்தவர்கள் பார்த்துச் சிரிக்க. விண்ணப்பத்தில் எழுதுவது முன்பின் தெரியாத ஓர் அதிகாரி எடைபோட. இந்த மாற்றம் எப்படி வந்தது, யாரை உள்ளே விட, யாரை வெளியே நிறுத்த வந்தது என்பது கொஞ்சம் சங்கடமான கதை.

முதலில் இயர்புக்கையே பார்த்துவிடுவோம். 1806இல் யேல் கல்லூரியில் பட்டம் பெற்றவர்களின் பக்கவாட்டு உருவங்களோடு வந்த ஒரு தொகுப்பைத்தான் முதல் இயர்புக் என்று சொல்வது வழக்கம். ஹைஸ்கூல் வரை அது பரவப் புகைப்படம் அச்சிடுவது மலிவாக வேண்டியிருந்தது. அதைவிட, ஹைஸ்கூலுக்கே பிள்ளைகள் வர வேண்டியிருந்தது. 1910இல் அமெரிக்க இளைஞர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே ஹைஸ்கூல் முடித்தார்கள். 1940இல் இருவரில் ஒருவர். முப்பதே ஆண்டில் நடந்த இந்தப் பாய்ச்சலில்தான் பாடகர் குழு, விவாத மன்றம், பள்ளிப் பத்திரிகை, கால்பந்து, பேண்டு வாத்தியம் எல்லாம் பள்ளிக்கூடத்தோடு ஒட்டிக்கொண்டன. அத்தனை பேரும் கல்லூரிக்குப் போகப்போவதில்லை. விவசாயி மகன், மில் தொழிலாளி மகள் எல்லோரையும் நான்காண்டு ஒரே கட்டடத்தில் வைத்திருக்க, பாடம் தவிர வேறு ஏதாவது வேண்டுமே.

வகுப்பே ஓட்டுப் போட்டுப் பட்டம் கொடுக்கும் வழக்கமும் அப்போது பரவியதுதான். அழகாக உடுத்துபவர், வகுப்பின் கோமாளி, எல்லோருக்கும் பிடித்தவர், வாழ்க்கையில் ஜெயிக்கக்கூடியவர். 1969இல் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் ஹைஸ்கூலில் ஒரு மாணவருக்கு இரண்டு பட்டம் கிடைத்தது: மிகவும் வேடிக்கையானவர், ஜெயிக்க வாய்ப்பே இல்லாதவர். அவர் பெயர் ராபின் வில்லியம்ஸ். முதல் பட்டம் கொடுத்தவர்களுக்கு ஆளைத் தெரிந்திருந்தது. இரண்டாவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எதற்குச் சொல்கிறேன் என்றால், பதினேழு வயதுப் பிள்ளையின் குணத்தைப் பார்த்து எதிர்காலத்தைக் கணிப்பது அப்போதெல்லாம் ஒரு விளையாட்டு. தப்பானால் யாருக்கும் நஷ்டமில்லை.

இப்போது விண்ணப்பத்துக்கு வருவோம். 1975இல் 15 தனியார் கல்லூரிகள் கூடி ஒரே படிவத்தை எல்லோரும் ஏற்றுக்கொள்வது என்று தொடங்கியதுதான் 'காமன் அப்ளிகேஷன்'. 'காமன் ஆப்' என்பார்கள். இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகள் அதில் இருக்கின்றன. அதில் செயல்பாடுகள் என்று ஒரு பகுதி. அதிகபட்சம் பத்து வரிசை. ஒவ்வொன்றுக்கும் என்ன வகை, என்ன பொறுப்பு, எந்தெந்த வகுப்பில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்துக்கு எத்தனை வாரம் என்று கட்டங்கள். டிலன் பெயருக்கருகே இருந்த 2, 4 இங்கே 10, 12 என்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான். விளக்கம் எழுத 150 எழுத்துகள். இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து. ஆங்கிலத்தில் இருபது, இருபத்தைந்து சொல் வரும். அது தவிர 250 முதல் 650 சொற்களுக்குள் ஒரு சொந்தக் கட்டுரை.

இந்த 150 எழுத்து என்ன செய்கிறது என்று ஓர் உதாரணம். நியூ ஜெர்சியில் ஒரு பெண் பத்தாம் வகுப்பிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கேண்டீனில் நிற்கிறாள் என்று வையுங்கள். இட்லி எடுத்து வைக்கிறாள், சாம்பார் ஊற்றுகிறாள், மாமிகளிடம் திட்டு வாங்குகிறாள், டோக்கன் தொலைத்தவரிடம் சண்டை போடுகிறாள். விண்ணப்பத்தில் இது என்னவாகும்? 'வாரந்தோறும் 400 பேருக்கு உணவளிக்கும் தன்னார்வலர் குழுவை ஒருங்கிணைத்தேன். காத்திருக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தேன்.' பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வினைச்சொல் மாறிவிட்டது. நின்றேன், ஊற்றினேன் போய் ஒருங்கிணைத்தேன், குறைத்தேன் வந்துவிட்டது. எண் வந்துவிட்டது. மாமிகள் காணாமல் போய்விட்டார்கள். எந்த ஆலோசகரைக் கேட்டாலும் இப்படித்தான் எழுதச் சொல்வார், சொல்லாவிட்டால் அவர் வேலை தெரியாதவர். பதினேழு வயதில் ஒரு மேலாளரின் தற்குறிப்பு தயார்.

சரி, கல்லூரிக்கு இதெல்லாம் எதற்கு? பரீட்சை வைத்து மார்க் பார்த்துச் சேர்த்துக்கொண்டால் என்ன? ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள் என்பது நம்மூரில் பலருக்குத் தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு, யேல் போன்ற இடங்களில் நுழைவுத் தேர்வு எழுதித் தேறினால் பெரும்பாலும் இடம் உண்டு. கேட்கும் பாடங்களை, முக்கியமாக லத்தீன் மாதிரியானவற்றை, சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் பணக்காரர்களுடையவை என்பதால் வடிகட்டல் தானாகவே நடந்துவிடும். யாரையும் வராதே என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கணக்கைக் கலைத்தவர்கள் யூத மாணவர்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் நியூயார்க், பாஸ்டன் அரசுப் பள்ளிகளில் படித்து, பரீட்சை எழுதித் தேறி உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். 1900இல் ஹார்வர்டில் அவர்கள் 100க்கு 7 பேர் அளவில். 1922இல் 20ஐத் தாண்டிவிட்டார்கள். அப்போதைய ஹார்வர்டு தலைவர் லாரன்ஸ் லோவல், யூதர்களுக்கு ஓர் உச்சவரம்பு வைக்கலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். பெரிய கூச்சல் எழுந்தது. ஆசிரியர் குழு வெளிப்படையான ஒதுக்கீட்டை ஏற்கவில்லை. லோவல் விட்டுவிடவில்லை. 1926இல் முதலாண்டு மாணவர் எண்ணிக்கை 1,000 என்று வரையறுக்கப்பட்டது. படிப்போடு 'குணமும் தகுதியும்' பார்க்கப்படும் என்ற விதி வந்தது. விண்ணப்பத்தோடு புகைப்படம் வேண்டும். அதற்கு முன்பே படிவத்தில் கேள்விகள் மாறியிருந்தன: தந்தை பிறந்த இடம் எது? தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன? உங்கள் பெயரோ தந்தையின் பெயரோ பிறந்த பிறகு மாற்றப்பட்டிருக்கிறதா? கடைசிக் கேள்வி யாருக்காக என்று விளக்கம் தேவையில்லை. சில ஆண்டுகளிலேயே யூத மாணவர் பங்கு 15 சதவீத அளவுக்கு இறங்கியது. கொலம்பியா, யேல், பிரின்ஸ்டன் எல்லாம் தத்தம் வழியில் இதையே செய்தன.

இன்று சாதாரணமாகத் தெரியும் பரிந்துரைக் கடிதம், நேர்காணல், வெளிச் செயல்பாடுகளின் பட்டியல், 'ஆளுமை' என்ற சொல் எல்லாம் கல்லூரி அட்மிஷனில் அழுத்தமாகக் கால் பதித்தது இந்தப் பத்தாண்டில்தான். மார்க்கை மறுக்க முடியாது. குணத்தை மறுக்கலாம், ஏன் என்று யாரும் கேட்க முடியாது. அதே 1926இல்தான் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான எஸ்ஏடியும் முதன்முறை நடந்தது என்பது ஒரு விசித்திரமான ஒற்றுமை. ஒரு கை அளவுகோலைக் கொண்டுவந்தது, இன்னொரு கை அதைத் தாண்டிப் பார்க்கும் உரிமையை எடுத்துக்கொண்டது.

பிறப்பு இப்படி என்பதால் இன்றைய முறையே சூழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது. 1960களுக்குப் பிறகு இதே 'முழு ஆளையும் பார்ப்போம்' என்ற வாசகத்தைக் கறுப்பின மாணவர்களையும் ஏழைப் பிள்ளைகளையும் உள்ளே கொண்டுவரக் கல்லூரிகள் பயன்படுத்தின. கதவு அதேதான், திறக்கும் திசை மாறியது. ஆனால் சாவி எப்போதும் உள்ளே இருப்பவரிடம்தான் என்பதை 2014இல் தொடங்கிய வழக்கு காட்டிக்கொடுத்தது.

ஆசிய அமெரிக்க மாணவர்கள் சார்பில் ஹார்வர்டு மீது போட்ட அந்த வழக்கு 2018இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, அட்மிஷன் அலுவலகத்தின் உள் குறிப்புகள் வெளியே வந்தன. விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் படிப்பு, வெளிச் செயல்பாடு, விளையாட்டு, ஆளுமை என்று தனித்தனியாக மதிப்பெண் போடுகிறார்கள். 1 என்றால் உச்சம், 6 என்றால் கடைசி. ஆளுமைக்கே ஒரு எண்! ஆசிய மாணவர்கள் சராசரியில் படிப்பிலும் வெளிச் செயல்பாட்டிலும் மேலே. ஆளுமை மதிப்பெண்ணில் மட்டும் கீழே. துணிவு, அன்பு, பிறர் விரும்பும் தன்மை ஆகியவற்றில் ஒரு கண்டத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் சற்றே குறைவா என்ன? மாவட்ட நீதிபதி அலிசன் பரோஸ் 2019இல் வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாக நிரூபணமில்லை என்று ஹார்வர்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அந்த வித்தியாசத்துக்கு ஆசிரியர்களும் பள்ளி ஆலோசகர்களும் எழுதும் பரிந்துரைக் கடிதங்கள் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் தோன்றுகிறது. கடிதம் எழுதியவர் கண்ணில் 'அமைதியான, கடின உழைப்பாளி' என்று பட்டது, படித்தவர் கண்ணில் 'சராசரி ஆளுமை' என்று பட்டிருந்தால் இரண்டு கண்ணையும்தானே சோதிக்க வேண்டும்?

வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 2023 ஜூன் 29 அன்று முடிந்தது. அட்மிஷனில் இனத்தை ஒரு காரணியாகப் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பு. ஆனால் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஒரு வாசலைத் திறந்தே வைத்தார்: இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் தானே எழுதினால், அதைக் கல்லூரி கணக்கில் எடுப்பதற்குத் தடையில்லை. விளைவு, அடுத்த இலையுதிர் காலத்திலேயே பல கல்லூரிகளின் கட்டுரைக் கேள்விகள் மாறின. உங்கள் பின்னணி உங்களை எப்படி உருவாக்கியது என்ற பாணிக் கேள்விகள். ஆக, கட்டத்தில் டிக் அடித்த விஷயத்தை இப்போது கட்டுரையாக எழுத வேண்டும். குணத்தின் மீது ஏறிய பாரம் இறங்கவில்லை, கூடித்தான் இருக்கிறது.

பணம் இதில் எங்கே நுழைகிறது என்று கேட்டால், எல்லா இடத்திலும். 2019 மார்ச்சில் வெடித்த 'வார்சிட்டி ப்ளூஸ்' ஊழல் நினைவிருக்கலாம். ரிக் சிங்கர் என்ற ஆலோசகர் பணக்காரப் பெற்றோரிடம் காசு வாங்கிக்கொண்டு, படகோட்டவே தெரியாத பிள்ளையைப் படகோட்ட வீரராகக் காட்டிக் கல்லூரியில் சேர்த்துவிட்டார். படகோட்டப் பயிற்சி இயந்திரத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள், வேறு வீரர் உடம்பில் தலையை ஒட்டினார்கள். நடிகைகள் ஃபெலிசிட்டி ஹஃப்மன், லோரி லாக்லின் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மீது வழக்கு. சிங்கருக்கு 2023இல் மூன்றரை ஆண்டுச் சிறை. அது குற்றம், பிடிபட்டது. குற்றமில்லாத வழிதான் பெரியது. அதே 2023இல் தமிழ் வேர் கொண்ட பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியின் குழு வெளியிட்ட ஆய்வு, ஒரே எஸ்ஏடி மார்க் எடுத்தவர்களிலேயே உச்ச 1 சதவீதப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஹார்வர்டு, யேல் போன்ற உச்சக் கல்லூரிகளில் சேர்கிறார்கள் என்று காட்டியது. காரணங்கள் மூன்று: முன்னாள் மாணவர் பிள்ளைகளுக்குச் சலுகை, விளையாட்டு வீரர் சேர்க்கை, அப்புறம் படிப்பு சாராத மதிப்பெண். அதாவது, அந்த ஆளுமைக் கட்டமும் செயல்பாட்டுக் கட்டமும்தான்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள நான்கு மணிக்கு வீட்டுக்கு ஓட வேண்டிய பையனால் விவாதப் போட்டிக்கு வேறு மாநிலம் போக முடியாது. நியாயமாகச் சொன்னால் காமன் ஆப் இதைப் பார்க்காமல் இல்லை. செயல்பாட்டு வகைகளில் 'குடும்பப் பொறுப்புகள்', 'சம்பள வேலை' இரண்டும் இருக்கின்றன. ஆனால் தம்பிக்குச் சோறு போட்டதை ஒரு செயல்பாடாக எழுதலாம் என்று அந்தப் பையனுக்குச் சொல்ல யாராவது வேண்டும். ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர் இருக்கலாம் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை; நாட்டுச் சராசரி 350ஐத் தாண்டுகிறது.

அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் இந்த விளையாட்டில் எங்கே நிற்கின்றன? பெற்றோர் வளர்ந்தது ப்ளஸ் டூ கட்-ஆஃப் உலகத்தில். கால் மார்க்கில் இடம் போன கதை எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களிடம் போய் 'பிள்ளையின் குணத்தைக் காட்டுங்கள்' என்றால், குணத்தையும் பாடத்திட்டமாக்கிவிடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் கோடை விடுமுறையில் அரங்கேற்றம். ரோபோட்டிக்ஸ் குழு. ஸ்பெல்லிங் போட்டி. தமிழ்ப் பள்ளியில் கடைசிவரை படித்து, 2011இல் கலிஃபோர்னியா தொடங்கிவைத்த, ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் தெரியும் என்று சான்று தரும் இருமொழி முத்திரை. பதினாறு வயதில் சொந்தமாக ஒரு தொண்டு நிறுவனம். கிண்டலுக்காகச் சொல்லவில்லை, எட்டு வருஷம் பரதம் ஆடிய பெண்ணுக்கு அந்த ஆட்டம் உண்மையிலேயே உயிராக இருக்கலாம், பல பேருக்கு இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே வரிசையில் அதே பத்தை நிரப்பியிருக்கிறாள். படிக்கும் அதிகாரி மேசையில் அன்று அது ஆறாவது அரங்கேற்றம். அவர் என்ன எழுதுவார் என்பதை மேலே சொன்ன வழக்கு சொல்லிவிட்டது.

இவ்வளவு நேரம் பேசியது ஒரு சிறு கூட்டத்தைப் பற்றி. ஹார்வர்டு விண்ணப்பித்தவர்களில் 100க்கு நான்கு பேர் அளவில்தான் சேர்க்கிறது. ஆனால் அமெரிக்காவின் நான்காண்டுக் கல்லூரிகளில் பெரும்பாலானவை விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேல் சேர்த்துக்கொள்கின்றன. ஆண்டுதோறும் ஹைஸ்கூல் முடிக்கும் முப்பத்தைந்து லட்சத்துக்கும் அதிகமானவர்களில் 60 சதவீதம் சொச்சம் பேர் அந்த ஆண்டே கல்லூரிக்குப் போகிறார்கள். அதிலும் கணிசமானோர் போவது வீட்டருகே இருக்கும் இரண்டாண்டு சமுதாயக் கல்லூரிக்கு. அங்கே குணச் சான்று யாரும் கேட்பதில்லை. ஹைஸ்கூல் முடித்திருந்தால் போதும். மற்றவர்கள் வேலைக்கு, ராணுவத்துக்கு, எலெக்ட்ரீஷியன், வெல்டர் பயிற்சிக்கு.

அவர்களுடைய செயல்பாட்டுப் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். 1928இல் தொடங்கிய விவசாய மாணவர் அமைப்பான எஃப்எஃப்ஏவில் இன்று பத்து லட்சத்தை ஒட்டிய உறுப்பினர்கள். நீல நிறக் கார்டுராய் கோட்டில் பெயர் தைத்துக்கொண்டு, தாங்கள் வளர்த்த கன்றையோ பன்றியையோ கண்காட்சிக்குக் கூட்டிப்போவார்கள். அந்தப் பிள்ளை வருஷம் முழுக்க விடியலில் எழுந்து தீவனம் வைத்திருக்கும், செலவுக் கணக்கு எழுதியிருக்கும், கடைசியில் வளர்த்ததை ஏலத்தில் விற்றுவிட்டு அழுதிருக்கும். விடாமுயற்சிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? சிற்றூர்ப் பத்திரிகைகள் மே, ஜூனில் பட்டமளிப்புச் சிறப்பிதழ் போடும்போது இப்படிப்பட்டவர்களின் படமும் வரும்: பெற்றோர் பெயர், விளையாடிய ஆட்டம், அடுத்து என்ன. 'அப்பாவின் கடையில் வேலை', 'ஒரு வருஷம் கழித்து யோசிக்கலாம்' என்றெல்லாம் வெட்கமில்லாமல் எழுதும் இடம் அதுதான்.

குணத்தை விட்டுவிட்டு மார்க்குக்கே திரும்பினால் சரியாகிவிடுமா என்றால், அதையும் ஒரு மாநிலம் செய்து பார்த்துவிட்டது. 1996இல் நீதிமன்றம் இனம் பார்த்துச் சேர்ப்பதைத் தடுத்ததும், டெக்ஸாஸ் 1997இல் ஒரு சட்டம் போட்டது: மாநிலத்தின் எந்த ஹைஸ்கூலிலும் முதல் 10 சதவீதத்தில் வந்தால், மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. இந்த உறுதிக்குக் கட்டுரையையோ ஆளுமையையோ எடைபோடுவதில்லை. எல்லைப்புற ஏழைப் பள்ளியில் முதல் வந்தவரும் ஹூஸ்டன் பணக்காரப் பள்ளியில் முதல் வந்தவரும் ஒன்று. அதுவரை பல்கலைக்கழகத்துக்கு ஒருவரையும் அனுப்பாத பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். கூட்டம் தாங்காமல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் மட்டும் படிப்படியாக 6 சதவீதம், இப்போது 5 சதவீதம் என்று இறக்கிக்கொண்டது. நம்மூர்க்காரருக்கு உடனே பிடித்துப்போகும் சட்டம். எனக்கும் பிடிக்கும். ஆனால் சட்டம் வந்த பிறகு நடந்ததை ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டார்கள்: பிள்ளைக்கு நல்ல ரேங்க் கிடைக்கட்டும் என்று, போட்டி அதிகமுள்ள பள்ளியைத் தவிர்த்துவிட்டுச் சுமாரான பள்ளியைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களும் அங்கே இருந்தன.